ஸ்பேஸ் டிஸ்கோ தட்டுகளில் ராக் குரல்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

1976 முதல் 1980 வரை பாரிஸ், லண்டன், மியூனிக், மாண்ட்ரியால் ஸ்டூடியோக்களில் ஏராளமான விண்வெளி டிஸ்கோ தட்டுகள் உருவாகின. அவற்றைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் முதலில் சிந்தசைசரைப் பற்றித்தான் கேட்கிறார்கள். பாடியது யார் என்ற கேள்வி கடைசியில் வரும், சில சமயம் வராமலே போகும். அந்தக் குரல்களில் பல, ராக் இசையின் மிகப் பெரிய பதிவுகளிலும் ஒலித்தவை. அதனால் இந்தத் தொகுப்பில் பாடகர்களுக்கே முதலிடம். பின்னால் வரும் பதில்கள் முன்னால் உள்ளவற்றைத் தொட்டுச் செல்வதால் வரிசையாகப் படிப்பது நல்லது.

1. ஸ்பேஸ் டிஸ்கோன்னா என்ன? சாதா டிஸ்கோவிலிருந்து எப்படிப் பிரிச்சுப் பார்க்கிறது?

அடித்தளம் டிஸ்கோவேதான்: நிமிடத்துக்கு 115 முதல் 130 அடி, ஒவ்வொரு அடியிலும் கிக் டிரம், நடுவில் திறந்து மூடும் ஹை-ஹாட். வயலின்களும் டிரம்பெட்டுகளும் வாசிக்க வேண்டிய பகுதிகளைச் சிந்தசைசர் எடுத்துக்கொண்டால் நிறம் மாறிவிடுகிறது. மினிமூக், ஏஆர்பி ஒடிசி என்ற சிந்தசைசர்கள், வயலின் கூட்டம் போல ஒலிக்கும் சோலினா ஸ்ட்ரிங் ஆன்சாம்பிள் கீபோர்டு, 'பியூவ்' என்று சறுக்கி இறங்கும் சின்டிரம் என்ற மின்னணு டிரம் ஆகியவை இந்த வகையின் அடையாள ஒலிகள். பாடுபொருள் விண்கலம், ரோபோ, கிரகப் பயணம்.

1977 இதன் திருப்புமுனை ஆண்டு. பிரான்ஸின் 'ஸ்பேஸ்' குழு வெளியிட்ட 'மேஜிக் ஃப்ளை', மியூனிக்கில் ஜார்ஜியோ மொரோடரும் பீட் பெலாட்டும் டோனா சம்மரை வைத்துச் செய்த 'ஐ ஃபீல் லவ்', மார்க் செரோனின் 'சூப்பர்நேச்சர்' மூன்றும் அந்த ஆண்டுதான் வந்தன. 'ஸ்டார் வார்ஸ்' இசையை மேகோ டிஸ்கோவாக்கி வெளியிட்ட தட்டு அக்டோபரில் அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது. அதன் பிறகு ஐரோப்பாவில் ஆளாளுக்கு ஒரு விண்கலம் கட்டினார்கள்.

2. செஷன் பாடகர்னு யாரைச் சொல்றாங்க?

மணிக்கணக்கில் கூலி பேசி ஸ்டூடியோவுக்கு வந்து, கொடுத்ததைப் பாடிவிட்டுப் போகும் தொழில்முறைப் பாடகர். நம் திரையிசையில் கோரஸ் பாடுபவர்களின் நிலைக்கு நெருக்கமானது. பிரிட்டனில் ஒரு செஷன் என்றால் வழக்கமாக 3 மணி நேரம். காலையில் ஒரு விளம்பர ஜிங்கிள், மதியம் ஒரு ராக் ஆல்பத்துக்குக் கோரஸ், இரவில் ஒரு டிஸ்கோ தட்டு என்று ஒரே நாளில் மூன்று இடம் ஓடியவர்கள் உண்டு. ஸ்வரத்தாளைப் பார்த்தவுடன் பாட வேண்டும், பக்கத்தில் நிற்பவரின் குரலோடு இழைய வேண்டும், மூன்றாவது டேக்கிலும் அதே தெம்பு இருக்க வேண்டும். குரல் அழகு இதற்கெல்லாம் பிறகுதான் கணக்கில் வரும்.

3. விண்வெளி டிஸ்கோவுக்கு ராக் பாடகர்களை ஏன் கூப்பிட்டாங்க? சோல் பாடகர்கள் கிடைக்கலையா?

முதல் காரணம் மொழி. பிரெஞ்சு, ஜெர்மன், இத்தாலியத் தயாரிப்பாளர்களுக்கு ஆங்கிலப் பாட்டு வேண்டும், உச்சரிப்பில் சொந்த ஊர் வாடை வரக்கூடாது. பாரிஸிலிருந்து லண்டன் பக்கம், அங்கே பாடகர்கள் தயாராக இருந்தார்கள். செரோன் 'லவ் இன் சி மைனர்', 'சூப்பர்நேச்சர்' இரண்டையும் லண்டன் சோஹோவில் உள்ள ட்ரைடன்ட் ஸ்டூடியோவில்தான் பதிவு செய்தார். பீட்டில்ஸின் 'ஹே ஜூட்', டேவிட் போவியின் 'ஸிக்கி ஸ்டார்டஸ்ட்', குவீன் குழுவின் ஆரம்ப ஆல்பங்கள் பதிவான அதே இடம். மியூனிக்கிலும் இதே கதை: அரபெல்லாஹவுஸ் கட்டடத்தின் அடித்தளத்தில் இருந்த மியூசிக்லேண்ட் ஸ்டூடியோவில் மொரோடர் டிஸ்கோ செய்தார், 1975 நவம்பரில் லெட் ஸெப்பலின் 'பிரசென்ஸ்' ஆல்பத்தை அங்கேதான் பதிவு செய்தது. அறையும் மைக்கும் பொது. டிரம்மர்களும் இரு பக்கமும் போய்வந்தார்கள். மொரோடரின் டிரம்மர் கீத் ஃபோர்ஸி 'ஆமோன் டியூல் 2' என்ற ஜெர்மன் ராக் குழுவில் வாசித்தவர், பின்னாளில் பில்லி ஐடலின் தயாரிப்பாளரானார்.

இரண்டாவது காரணம் குரலின் வலு. சிந்தசைசரைத் தானாக வாசிக்க வைக்கும் சீக்வென்சர் என்ற கருவி ஒரே அளவில் ஓயாமல் ஓடும், மூச்சு வாங்காது. அதன் முன் மெல்லிய குரல் நின்றால் பாட்டு சாவி கொடுத்த பொம்மையாகிவிடும். மார்ஷல் ஆம்ப்ளிஃபையர்களோடு போட்டிபோட்டுப் பாடிப் பழகிய தொண்டை அந்த இயந்திரத்துக்கு ஈடுகொடுத்தது. தட்டை இன்றும் கேட்க வைப்பது பெரும்பாலும் அந்தக் குரல்தான், சிந்தசைசர் இல்லை என்பது எங்கள் உறுதியான கருத்து.

4. உறையில் தெரியிற முகமும் பாடின ஆளும் ஒருத்தர்தானே?

பல தட்டுகளில் இல்லை. நம் வீடுகளில் கேசட்டாகப் புகுந்த போனி எம் இதற்கு எல்லோருக்கும் தெரிந்த உதாரணம். 1978-இல் வந்த 'நைட்ஃப்ளைட் டு வீனஸ்' ஆல்பத்தில் மேடையில் ஆடிய நால்வரில் லிஸ் மிட்செல், மார்ஷா பாரெட் இருவரும் ஸ்டூடியோவில் பாடினார்கள். பாபி ஃபாரெல் வாயசைத்த ஆண் குரல் தயாரிப்பாளர் ஃபிராங்க் ஃபாரியனுடையது.

ஸ்பேஸ் குழுவினர் விண்வெளித் தலைக்கவசம் அணிந்து வந்ததற்கும் காரணம் இருந்தது. டிடியே மரூவானி வேறு நிறுவனத்தோடு ஒப்பந்தத்தில் இருந்தவர், அந்த நிறுவனம் வேண்டாம் என்று ஒதுக்கிய பாட்டை 'எக்காமா' என்ற புனைபெயரில் வோக் நிறுவனத்தில் வெளியிட்டார். ஆஸ்திரியாவின் கானிமெட் குழு முகமூடி போட்டது. பிரான்ஸின் ராக்கெட்ஸ் தலையை மழித்து வெள்ளிச்சாயம் பூசியது. ராக்கெட்ஸ் மட்டும் இதில் விதிவிலக்கு, அது முழுக்க முழுக்க ஒரு ராக் குழு, சாயத்துக்குப் பின்னால் பாடியதும் அவர்களேதான்.

5. சரி, பெயர் சொல்லுங்க. யாரிடமிருந்து ஆரம்பிக்கலாம்?

மேட்லின் பெல். நியூ ஜெர்சியின் நியூவார்க்கில் பிறந்து, 1962-இல் 'பிளாக் நேட்டிவிட்டி' நாடகக் குழுவோடு லண்டன் வந்து அங்கேயே தங்கியவர். டஸ்டி ஸ்பிரிங்ஃபீல்டுக்குக் கோரஸ் பாடினார், செஷன் கலைஞர்களே சேர்ந்து அமைத்த 'புளூ மிங்க்' குழுவில் முன்னணிப் பாடகியாக இருந்தார். ஸ்பேஸ் குழுவின் 'கேரி ஆன், டர்ன் மீ ஆன்' பாட்டில் ஒலிப்பது அவர் குரல். அந்தத் தட்டின் கருவியிசைப் பாடல்களைக் கேட்டுவிட்டு உடனே இதைக் கேளுங்கள். சிந்தசைசர் வரிகள் நேர்கோட்டில் போக, அவர் ஒவ்வொரு வரியின் இறுதியையும் கொஞ்சம் வளைத்து விடுவார். அந்த வளைவில்தான் பாட்டுக்கு உயிர் வருகிறது.

ரோலிங் ஸ்டோன்ஸின் 'லெட் இட் பிளீட்' (1969) ஆல்பத்தின் கடைசிப் பாட்டான 'யூ கான்ட் ஆல்வேஸ் கெட் வாட் யூ வான்ட்' பதிவில் பெல்லோடு பாடிய இருவர் டோரிஸ் ட்ராய், நானெட் வொர்க்மன். ட்ராய் பின்னர் பிங்க் ஃபிளாய்டின் 'டார்க் சைட் ஆஃப் தி மூன்' கோரஸில் பாடினார். வொர்க்மன் பிரான்ஸில் ஜானி ஹாலிடேயோடு வேலை செய்து, மாண்ட்ரியாலில் டிஸ்கோ பாடகியாகி, 1978-இல் 'ஸ்டார்மேனியா' ராக் ஆபராவில் பாடினார். ஒரே பாட்டில் சேர்ந்து பாடியவர்களின் பாதைகள் இப்படிக் கிளை பிரிகின்றன. பழைய ராக் ஆல்பங்களின் கோரஸ் பட்டியலைப் பிடித்துக்கொண்டு டிஸ்கோவுக்கு வருவது நல்ல வழி.

டோனா சம்மரையும் இதே வரிசையில் வைக்க வேண்டும். நியூயார்க்கில் 'குரோ' என்ற சைக்கடெலிக் ராக் குழுவில் பாடியவர், 1968-இல் 'ஹேர்' நாடகத்துக்காக மியூனிக் போய், அங்கே கோரஸ் பாடிக்கொண்டிருந்தபோதுதான் மொரோடர், பெலாட் கண்ணில் பட்டார். 'சூப்பர்நேச்சர்' பாட்டின் ஆங்கில வரிகள் லீனி லவிச் எழுதியவை. விவசாயத்தில் கொட்டிய ரசாயனத்தால் நிலத்தடியில் உருமாறிய உயிர்கள் பழிவாங்க வருவதாக ஓடும் அந்தக் கதை, டிஸ்கோவுக்கு எழுதப்பட்டவற்றில் ஆகச் சிறந்த வரிகளில் ஒன்று. இரண்டே ஆண்டில் லவிச் 'லக்கி நம்பர்' மூலம் நியூ வேவ் பாடகியாகப் புகழ்பெற்றார்.

6. பெயரை ஏன் போடலை? ராக் பாடகர்களுக்கு டிஸ்கோ பாடினது வெட்கமா?

வெட்கம் ஒரு சிறு பங்குதான். 1979 ஜூலை 12-ஆம் தேதி சிகாகோவின் கோமிஸ்கி பார்க் மைதானத்தில் டிஸ்கோ தட்டுகளை வெடிவைத்துத் தகர்த்த காலம் அது, ராக் ரசிகர்களின் வெறுப்பு உண்மையிலேயே கடுமையாக இருந்தது. ஆனால் பெயர் விடுபட்டதற்குப் பெரிய காரணம் ஒப்பந்தமும் வியாபாரமும். ஒரு நிறுவனத்தோடு தனிப்பாடகராக ஒப்பந்தம் போட்டவர் வேறு தட்டில் பெயரோடு வந்தால் சிக்கல். கோரஸுக்குப் பெயர் போட வேண்டும் என்று கட்டாயமும் இல்லை. தயாரிப்பாளருக்கோ, தட்டில் இல்லாத குழுவை இருப்பதாகக் காட்டினால்தான் அடுத்த தட்டுக்கு வேறு பாடகரை வைத்துக்கொள்ள முடியும்.

புனைபெயர் இசையமைப்பாளர்களிடமும் சகஜம். 1978-இல் வந்த 'பிளாக் டெவில் டிஸ்கோ கிளப்' தட்டில் ஜோக்கிம் ஷெரிலீ, ஜூனியர் கிளாரிஸ்டிட்ஜ் என்ற பெயர்கள் இருக்கும். உண்மையில் அதைச் செய்தவர் பெர்னார் ஃபெவ்ர். 2004-இல் ரெஃப்லெக்ஸ் நிறுவனம் மறுவெளியீடு செய்தபோதுதான் அவர் பெயர் பரவலாக வெளியே வந்தது.

7. மூணு பேர் பாடினா எப்படி முப்பது பேர் மாதிரி கேட்குது?

அடுக்குவதால். அன்றைய தரம் 2 அங்குல அகல டேப்பில் 24 டிராக், அதாவது தனித்தனியாகப் பதியக்கூடிய 24 தடங்கள். மூன்று பாடகர்கள் ஒரே மைக்கைச் சுற்றி அரைவட்டமாக, 60 முதல் 90 சென்டிமீட்டர் தள்ளி நிற்பார்கள். ஹெட்போனை ஒரு காதில் மட்டும் வைத்து, மறு காதால் பக்கத்தில் பாடுபவரைக் கேட்பார்கள். முதலில் மூவரும் மேல் சுரத்தை ஒன்றாகப் பாடுவார்கள், அடுத்த டிராக்கில் நடுச் சுரம், அடுத்ததில் கீழ்ச் சுரம். பிறகு மூன்றையும் இன்னொரு முறை. 3 பேர், 3 சுரம், 2 முறை: ஆறு டிராக்கில் 18 குரல். அவற்றை இரண்டு டிராக்கில் கலந்து இறக்கிவிட்டு, காலியான ஆறையும் வேறு வேலைக்கு எடுத்துக்கொள்வார்கள்.

இதில் கெடக்கூடியவை மூன்று. இறக்கிய பிறகு சமநிலையை மாற்ற முடியாது, நடுச் சுரம் தூக்கலாக இருந்தால் இருந்ததுதான். ஒவ்வொரு இறக்கத்திலும் டேப் இரைச்சல் கூடி, மேல் அலைவரிசை மழுங்கும். மூன்றாவது, ஒரே மூன்று தொண்டைகள் திரும்பத் திரும்ப வருவதால் ஒலி பளபளப்பாக இருந்தாலும் ஒடுங்கிப்போகும். அதற்கு மருந்து: இரண்டாம் சுற்றில் பாடகர்களை இடம் மாற்றி நிறுத்துவது, மைக்கிலிருந்து ஒரு அடி பின்னால் தள்ளுவது, டேப் வேகத்தை 1 சதவீதம் மாற்றிப் பாட வைப்பது. 1 சதவீதம் என்றால் அரைச்சுரத்தின் ஆறில் ஒரு பங்குதான், காதுக்கு அபசுரமாகப் படாது, கூட்டம் மட்டும் அகலமாகும்.

நல்ல கோரஸைக் காட்டிக்கொடுக்கும் நுணுக்கம் ஒன்று உண்டு. 'லைட்ஸ்', 'நைட்' போன்ற சொற்களின் இறுதி 'ஸ்', 'ட்' ஒலியை ஒருவர் மட்டும் உச்சரிப்பார், மற்ற இருவரும் விழுங்கிவிடுவார்கள். மூவரும் உச்சரித்தால் 18 அடுக்கில் பாம்பு சீறுவது போலாகிவிடும். அடுத்த முறை எந்தத் தட்டைக் கேட்டாலும் வரி முடியும் இடத்தைக் கவனியுங்கள். ஒரே ஒரு 'ட்' சுத்தமாக விழுந்தால், அங்கே நின்றது தொழில் தெரிந்த கோரஸ்.

8. மேடையில் கத்திப் பாடுற ராக் பாடகர் டிஸ்கோ பதிவில் என்ன தப்பு பண்ணுவார்?

முதல் பிரச்சினை ஒலியளவு. நாய்மன் யூ 87 போன்ற கண்டென்ஸர் மைக்கின் முன் நெருங்கி நின்று முழுக்குரலில் பாடினால் ஒலி உடையும். மைக்கிலேயே இருக்கும் 10 டெசிபெல் குறைப்பு சுவிட்சைப் போட்டு, 25 முதல் 30 சென்டிமீட்டர் தள்ளி நிறுத்தி, உச்சத்தில் தலையைச் சற்றுத் திருப்பச் சொல்வார்கள். பிறகு 1176 அல்லது எல்ஏ-2ஏ வகைக் கம்ப்ரஸரில் (ஒலியளவின் ஏற்ற இறக்கத்தைக் குறைக்கும் கருவி) 4 முதல் 6 டெசிபெல் அடக்கினால் போதும். அதற்கு மேல் அடக்கினால் குரலின் முன்பாய்ச்சல் செத்துவிடும், எதற்காக ராக் பாடகரைக் கூப்பிட்டார்களோ அதுவே போய்விடும்.

இரண்டாவது, நேரம். ராக் பாடகர்கள் தாளத்துக்குச் சற்றுப் பின்னால் சாய்ந்து பாடப் பழகியவர்கள். மனிதர் வாசிக்கும் டிரம்ஸோடு அது சுகமாக இருக்கும். சீக்வென்சரில் நிமிடத்துக்கு 120 அடி வேகத்தில், ஒவ்வொரு பதினாறாம் குறிப்பும் (ஒரு அடியில் கால் பங்கு) 125 மில்லிவிநாடியில் வந்து விழும், அதன் மேல் குரல் 30, 40 மில்லிவிநாடி பிந்தினால் தடுமாற்றமாகத் தெரியும். அதனால் முதன்மைப் பாடகருக்கு அந்தச் சாய்வை விட்டுவைத்து, கோரஸை மட்டும் கறாராகத் தாளத்தில் நிறுத்துவது வழக்கம். இயந்திரத்துக்கும் மனிதருக்கும் நடுவே ஒரு இழுபறி கேட்குமே, அது இந்த ஏற்பாட்டால் வருவது.

மூன்றாவது, 'ஸ்' ஒலி. தட்டு வெட்டும்போது கூர்மையான 'ஸ்' வெட்டும் ஊசியைத் திணறடிக்கும். 33⅓ வேகத்தில் தட்டின் வெளிவிளிம்பில் ஊசிக்கு அடியில் விநாடிக்குச் சுமார் 50 சென்டிமீட்டர் ஓடும் பள்ளம், உள்விளிம்பில் 21 சென்டிமீட்டர்தான் ஓடும். நீளமான பக்கத்தின் கடைசியில் குரல் கரகரப்பதற்கு ஊசி தேய்ந்ததுதான் காரணம் என்று உடனே முடிவு கட்டாதீர்கள்.

9. பாட்டு ஏன் 15 நிமிஷம் ஓடுது? அவ்வளவு நேரமும் நிஜமாவே பாடினாங்களா?

நடன அரங்குக்காக நீட்டினார்கள். 'லவ் இன் சி மைனர்' 16 நிமிடத்தைத் தாண்டும். 2,500 அடி நீள 2 அங்குல டேப், விநாடிக்கு 30 அங்குல வேகத்தில் 16 நிமிடம் 40 விநாடி ஓடும். வேகத்தை 15 அங்குலமாகக் குறைத்தால் 33 நிமிடம் கிடைக்கும், ஆனால் இரைச்சல் கூடும். ஒரு முழுப் பக்கத்தை ஒரே ரீலில் அடக்குவது இவ்வளவு இழுபறியான விஷயம்.

கோரஸை ஒவ்வொரு முறையும் பாட வைக்க மாட்டார்கள். ஒரு முறை அடுக்கி முடித்ததை கால் அங்குல ஸ்டீரியோ டேப்பில் நகலெடுத்து, தேவைப்படும் இடம் வரும்போது கையால் அந்த மெஷினைத் தட்டிவிட்டு மறுபடி பதிவார்கள். 120 வேகத்தில் 8 பார் (ஒரு பார் என்றால் 4 அடி) கோரஸ் சரியாக 16 விநாடி, அதற்குள் இரண்டு மெஷின்களின் வேக வேறுபாடு பெரிதாகத் தெரியாது. 32 பார் ஒரே மூச்சில் ஒட்ட முயன்றால் கடைசி வரி தாளத்தை விட்டு நழுவிவிடும்.

10. அந்த ரோபோ குரல் யாருடையது? அதுக்கும் பாடகர் வேணுமா?

வேண்டும். வோகோடர் தானாகப் பேசாது. மைக்கில் வரும் குரலைப் பல அலைவரிசைப் பட்டைகளாகப் பிரித்து, ஒவ்வொன்றின் ஏற்ற இறக்கத்தையும் சிந்தசைசர் ஒலியின் அதே பட்டை மீது ஏற்றும் கருவி அது. 1977-இல் வந்த சென்ஹைசர் விஎஸ்எம் 201-இல் 20 பட்டைகள், 1979-இல் வந்த ரோலண்ட் விபி-330-இல் 10. பட்டை கூடக் கூடச் சொல் தெளியும்.

சுரத்தைத் தீர்மானிப்பது கீபோர்டு வாசிப்பவர். பாடகர் எந்தச் சுரத்தில் பாடினாலும் கணக்கில்லை, அவருடைய வைப்ராட்டோ என்ற குரல் அசைவும் காணாமல் போகும். மிஞ்சுவது உயிரெழுத்தின் வடிவமும் மெய்யெழுத்தின் வெட்டும். எனவே நீட்டிப் பாடாமல், ஒவ்வொரு அசையையும் மிகைப்படுத்திப் பேச வேண்டும். 'ஸ்', 'ஷ்' மங்கினால் சிந்தசைசர் ஒலியோடு கொஞ்சம் வெள்ளை இரைச்சலைக் கலப்பார்கள். 1978-இல் மியூனிக்கிலிருந்து வந்த டீ டீ ஜாக்சனின் 'ஆட்டோமேட்டிக் லவர்' பாட்டில் ரோபோ தட்டையாகப் பதில் சொல்ல, அவர் முழுக்குரலில் ஏறிப் பாடுவார். இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட இதைவிட நல்ல பாட்டு கிடையாது.

11. பெயரே இல்லாத தட்டு ஒண்ணு கிடைச்சிருக்கு. பாடினது யாருன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

லேபிளில் பாட்டின் பெயருக்குக் கீழே அடைப்புக்குறிக்குள் இருக்கும் குடும்பப் பெயர்களில் தொடங்குங்கள். அவை இசையமைப்பாளர், பாடலாசிரியர் பெயர்கள், பாடகர்கள் அல்ல. உரிமைச் சங்க முத்திரை நாட்டைச் சொல்லும்: சாசெம் என்றால் பிரான்ஸ், கெமா என்றால் ஜெர்மனி, சியாயே என்றால் இத்தாலி. அந்தச் சங்கத்தின் படைப்புத் தேடலில் பாட்டின் பெயரைப் போட்டால் புனைபெயருக்குப் பின்னால் உள்ள எழுத்தாளர் பல நேரம் கிடைத்துவிடுவார்.

அடுத்து, தட்டின் நடுப்பகுதியில் ஊசி ஓடாத வளையத்தில் கீறியிருக்கும் எண்களையும் எழுத்துகளையும் சாய்ந்த வெளிச்சத்தில் படியுங்கள். எங்கே வெட்டினார்கள், யார் வெட்டினார்கள் என்பது சில நேரம் அதில் இருக்கும். உறையில் ஸ்டூடியோ பெயரோ பொறியாளர் பெயரோ இருந்தால் அதுதான் பெரிய துப்பு. அதே தயாரிப்பாளர், அதே ஸ்டூடியோவில், அதே ஆண்டு செய்த மற்றத் தட்டுகளில் பாடகர் பட்டியல் இருக்கிறதா பாருங்கள், கோரஸ் குழுக்கள் பெரும்பாலும் கூட்டமாகவே வேலைக்குப் போவார்கள். வேறு நாட்டு அச்சையும் தேடுங்கள். பிரெஞ்சு உறையில் இல்லாத பெயர் அமெரிக்க அச்சில் இருக்கக்கூடும்.

அச்சான பெயரையும் அப்படியே நம்பாதீர்கள். 5-ஆம் பதிலில் சொன்ன நானெட் வொர்க்மனை 'லெட் இட் பிளீட்' உறை 'நானெட் நியூமன்' என்று அச்சிட்டது. அது ஒரு பிரிட்டிஷ் நடிகையின் பெயர்.

12. குரலைக் கேட்டே அவங்கதான்னு சொல்லிட முடியாதா?

தனிக்குரலில் ஓரளவு முடியும், கோரஸில் முடியவே முடியாது. 7-ஆம் பதிலில் சொன்ன அடுக்கு தனித்தன்மையை அழிப்பதற்கென்றே செய்யப்படுவது. டேப் வேகமும் ஏமாற்றும்: பதிவுக்குப் பின் 6 சதவீதம் வேகம் கூட்டினால் பாட்டு முழுவதும் ஒரு அரைச்சுரம் ஏறும், தொண்டை சிறுத்தது போல ஒலிக்கும், இன்னொரு பாடகர் என்றே தோன்றும். குரல் ஒற்றுமையைத் துப்பாக வைத்துக்கொள்ளுங்கள். ஆவணம் ஒன்று கிடைக்கும் வரை பட்டியலில் பெயரை ஏற்ற வேண்டாம். தவறான பெயரை ஏற்றினால் உண்மையில் பாடியவரை இரண்டாவது முறை அழித்ததாக ஆகும்.

13. பாடினவங்களுக்கு ராயல்டி கிடைச்சுதா?

பெரும்பாலானோருக்கு ஒரே ஒரு முறை கூலி, அவ்வளவுதான். ராக் பக்கத்தில் இதன் பெயர்பெற்ற வழக்கு கிளேர் டோரியுடையது. 1973 ஜனவரியில் பிங்க் ஃபிளாய்டின் 'தி கிரேட் கிக் இன் தி ஸ்கை' பாட்டுக்குச் சொற்களே இல்லாமல் பாடியதற்கு அவர் பெற்ற கூலி 30 பவுண்ட். 2004-இல் வழக்குத் தொடுத்தார். 2005-இல் சமரசமாகி, ரிச்சர்ட் ரைட்டோடு சேர்ந்து இயற்றியவராக அவர் பெயரும் ஏறியது. பாடகர் தானே மெட்டை உருவாக்கியிருந்தால்தான் இந்த வழி உதவும். எழுதிக் கொடுத்த கோரஸைப் பாடியவருக்கு உதவாது.

கோரஸ் பாடியவர்களுக்கு வேறு வழிகள் பின்னால் திறந்தன. பிரான்ஸ் 1985-ஆம் ஆண்டுச் சட்டத்தில் கலைஞர்களுக்கு ஒலிபரப்புப் பணத்தில் பங்கு தந்தது. அங்கே முன்னணிக் கலைஞர்களுக்கு அடாமி, மற்றவர்களுக்கு ஸ்பெடிடாம் என்ற அமைப்புகள் பணம் பிரிக்கின்றன. பிரிட்டனில் பிபிஎல். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2011-ஆம் ஆண்டு நெறிமுறை பதிவுகளின் பாதுகாப்பை 50-லிருந்து 70 ஆண்டாக்கியதோடு, 51-ஆம் ஆண்டிலிருந்து தட்டு விற்பனை, இணைய வருவாயில் 20 சதவீதத்தை ஒருமுறைக் கூலி வாங்கியவர்களுக்காகத் தனியே ஒதுக்கச் சொன்னது. பிரிட்டனில் 2013 நவம்பர் 1 முதல் நடைமுறை. 1977-இல் வெளியான தட்டுகளுக்கு அந்தப் பங்கு 2028-இலிருந்து கணக்கில் வரும். யார் பாடியது என்று உறுதிசெய்வதில் இப்போது இவ்வளவு அக்கறை காட்டுவதற்கு இதுவும் ஒரு காரணம்: பெயர் பதிவில் இருந்தால்தான் பணம் போய்ச் சேரும்.

14. வீட்டு ஸ்டூடியோவில் அதே கோரஸ் சத்தம் வரவைக்க முடியுமா?

முடியும், ஒருவரோ இருவரோ பாடினாலே போதும். வேகத்தை 120 என்று வையுங்கள். 7-ஆம் பதிலில் சொன்ன அடுக்கு முறையில், ஒவ்வொரு சுரத்தையும் குறைந்தது மூன்று முறை புதிதாகப் பாடுங்கள். ஒரே டேக்கை நகலெடுத்துப் பக்கத்தில் வைத்தால் அகலம் வராது, ஒலியளவு மட்டும் கூடும், கொஞ்சம் நகர்த்தி வைத்தால் குழாய்க்குள் பாடியது போலாகும். 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டுங்கள். மேல், கீழ்ச் சுரங்களை இடம் வலமாகப் பிரித்து, நடுச் சுரத்தையும் தனிக்குரலையும் மையத்தில் வையுங்கள். எல்லா அடுக்கையும் பிட்ச் திருத்தியில் முழுசாக நேராக்கினால் பத்துக் குரலும் ஒன்றாக உறைந்துவிடும், காதைக் குத்தும் இடத்தை மட்டும் திருத்துங்கள்.

எதிரொலிக்கு 60,000-ஐ வேகத்தால் வகுத்தால் ஒரு அடியின் மில்லிவிநாடி கிடைக்கும். 120-க்கு 500. அதில் முக்கால் பங்கான 375-ஐத் தனிக்குரலுக்கு வையுங்கள், கிக் டிரம்மோடு மோதாமல் நடுவில் விழும். பிளேட் ரிவெர்ப் (தகட்டின் அதிர்வால் வரும் முழக்கம்) 2 விநாடி, அதற்கு முன் 40 முதல் 60 மில்லிவிநாடி இடைவெளி. அன்றைக்கு இதற்கு ஈஎம்டி 140 என்ற, இரண்டு மீட்டர் நீள எஃகுத் தகடு தொங்கும் பெட்டியை வைத்திருந்தார்கள். இன்று ஒரு பிளக்-இன் போதும். ரிவெர்பின் கீழ் அலைவரிசையை 300 ஹெர்ட்ஸ் வரை வெட்ட மறந்தால் பேஸ் சேறாகிவிடும்.

15. 45 வேகத் தட்டை 33-இல் போட்டுக் கேட்டேன், அருமையா இருக்கு. தப்பா?

இல்லை, அதற்கு ஒரு பரம்பரையே உண்டு. இத்தாலியின் கார்டா ஏரிக்கரையில் லாசிஸே ஊரில் 1979 முதல் 1984 வரை நடந்த 'காஸ்மிக்' கிளப்பில் டானியேலே பால்தெல்லி தட்டுகளை வேண்டுமென்றே மாற்று வேகத்தில் ஓட்டினார். விண்வெளி டிஸ்கோவின் மறந்துபோன தட்டுகள் பலவற்றுக்கு இரண்டாம் வாழ்வு கொடுத்தது அந்த வட்டாரம்தான்.

45-ஐ 33⅓-இல் போட்டால் வேகம் கால்வாசிக்கு மேல் குறையும், சுரம் ஐந்து அரைச்சுரத்துக்குச் சற்று மேலாக இறங்கும். 124 வேகப் பாட்டு 92-க்கு வந்துவிடும், பெண் குரல் ஆண் குரல் போலக் கனக்கும். ரசித்துக் கேளுங்கள். பாடியது யார் என்று தேடும் வேலையை மட்டும் சரியான வேகத்தில் செய்யுங்கள், இல்லாவிட்டால் 12-ஆம் பதிலில் சொன்ன குழப்பம் இரட்டிப்பாகும்.